பெரியப்பாவின் மொரிஸ் மைனருக்கு முன்பக்க வேலை

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே ஒரு வாடகை வானைப் பிடித்துவிடுவார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பெரியப்பாவின் பழைய இங்கிலாந்துக் காரான மொரிஸ் மைனர் வீட்டில் நிற்கும்போது வானுக்கு நாள் வாடகை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்த முறை விடுமுறையில் ஒரு பகுதி அந்தக் காரின் முன்பக்க வேலையிலேயே போனது. பழைய காரை ஊரில் விட்டுவிட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேகம் முப்பது மைலைத் தாண்டினால் ஸ்ரியரிங் கையில் உதறியது. ஒழுங்கைப் பள்ளங்களில் இறங்கும்போது இடப்பக்கச் சில்லிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் கார் இடதுபக்கம் இழுத்தது. பெரியப்பாவைக் கேட்டால், "அது எப்பவும் அப்பிடித்தான்" என்றார். அவர் சுகமில்லாமல் இருந்த காலத்தில் கார் கொட்டிலிலேயே நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெடியன் கிழமைக்கு ஒருதரம் ஸ்ராட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவானாம். பற்றறிக்கு அது போதும். முன்சில்லுகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதலில் பிரதான வீதியில் இருக்கும் ஒரு பெரிய இடத்துக்குத்தான் போனேன். ஏசி போட்ட காத்திருப்பு அறை, மரியாதையான பிள்ளைகள், சில்லில் கொளுவும் கணினிக் கருவி. கணினிப் பட்டியலில் மொரிஸ் மைனர் இல்லை, வேறு ஏதோ சின்னக் காரின் அளவைப் போட்டுப் பார்த்தார்கள். பச்சையும் சிவப்புமாக ஒரு தாளை அச்சடித்துத் தந்து, "இப்ப எல்லாம் சரி" என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே பழைய உதறல். மெஷினில் பிழை இல்லை. ஒருவரும் காரை ஜக்கில் உயர்த்திச் சில்லை ஆட்டிப் பார்க்கவில்லை, அதுதான் விசயம். மூட்டுகள் தேய்ந்திருக்கும்போது அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நேராக நிற்கும் அளவு, பார்ப்பது வீண் காசு. இன்றைக்கு வைத்த அளவு அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும்.

அப்புறம் மானிப்பாய்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலைக் காட்டிவிட்டார்கள். பெயர்ப்பலகை இல்லை. வெளியே ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் நான்கு கட்டைகளில் நின்றது. அங்கே இருந்த அண்ணைக்கு எழுபது வயது இருக்கும். என் கதையைக் கேட்கவே இல்லை. ஜக்கை வைத்து உயர்த்தி, இடப்பக்கச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டொக், டொக். பிறகு என்னைக் காருக்குள் ஏறிப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டினார். சத்தம் குறையவில்லை.

"பெயறிங் ஆட்டம் எண்டால் பிரேக் மிதிச்சவுடனை நிக்கும் தம்பி. இது கிங்பின். ஆர் கடைசியாய்க் கிறீஸ் அடிச்சது?"

நானும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்தக் காரின் முன்பக்கம் அப்படிப்பட்டது. கிங்பின் என்பது முன்சில்லைத் தாங்கி நிற்கும் செங்குத்தான இரும்புத் தண்டு. அதன் இரண்டு நுனியிலும் மரை வெட்டியிருக்கும். சில்லு திரும்பும்போது அந்த மரையில்தான் திரும்புகிறது, முன்பக்கப் பாரமும் அதன் மேல்தான். கிறீஸ் காய்ந்தால் இரும்போடு இரும்பு உரசி மரை தேயும். நன்றாகத் தேய்ந்த ஒரு நாளில் பின் கழன்று, சில்லு உள்ளே மடிந்து, காரின் மூக்கு வீதியில் குத்தி நிற்கும். பெரும்பாலும் இது வளவுக்குள் மெதுவாக வளைக்கும்போதுதான் நடக்கும் என்றார் அண்ணை, "அது எங்கடை அதிஷ்டம்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்தால் போதும், பல வருடம் ஓடும்.

கழற்றும் வேலையை நான் அங்கேயே இருந்து பார்த்தேன். மைனருக்கு முன்னால் சுருள் வில் கிடையாது. முன்சீற்றுக்குக் கீழே வரைக்கும் நீளும் ஒரு இரும்புத் தண்டுதான் முறுக்கேறி வில்லின் வேலையைச் செய்கிறது. சில்லைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கையை, அதாவது கீழ்க்கையை, சும்மா கழற்றினால் அந்த முறுக்கு முழுவதும் ஒரே அடியில் விடுபடும், கை போய்விடும். அண்ணை கீழ்க்கைக்கு அடியில் ஜக்கை முட்டுக் கொடுத்து, ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, ஜக்கை நூல் நூலாக இறக்கினார். உதவிக்கு நின்ற பெடியனிடம் அவர் உரத்துப் பேசியது அந்த நேரத்தில் மட்டும்தான். இடது தண்டையும் வலது தண்டையும் மாற்றிப் போடக் கூடாது என்று இரண்டுக்கும் சோக்கால் அடையாளம் போட்டார். கழற்றிய கிங்பின்னைத் துடைத்து என் கையில் தந்தார். அடிமரை கத்தி விளிம்புபோல் மெலிந்திருந்தது.

வெல்டிங் அடித்து லேத்தில் கடைய முடியாதா என்று பெரியப்பா கேட்டார். யாழ்ப்பாணத்தில் இது இயல்பான கேள்விதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இதே கார் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. மூட்டுகளுக்கு இடையில் வைக்கும் றப்பர் புஷ்கூட லொறி ரயரில் வெட்டிப் போட்டதுதான். அண்ணையே வெட்டியிருக்கிறார். ஆனால் கிங்பின்னுக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புஷ் போனால் சத்தம்தான் வரும். இது போனால் ஆள் போகும். புதுசு போடுங்கோ, இல்லாட்டி வேறை ஆளைப் பாருங்கோ." அந்த ஒரு பேச்சோடு எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

புதுச் சாமான் கொழும்பில், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. தொலைபேசியில் சொல்லி, காசு அனுப்பி, இரவு பஸ்ஸில் பார்சல் வந்து சேர்ந்தது. விலை குறைவில்லை. பிரிட்டனில் இன்னும் ஆயிரக்கணக்கான மைனர்கள் ஓடுவதால் சாமான் தயாரிப்பு நிற்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தார்கள். வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் காரின் விலை இன்றைக்கும் நினைக்க முடியாதது. ஊரில் யாரும் பழைய காரை இரும்புக்குக் கொடுக்காததற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை.

பிரேக்கில் இழுத்ததற்குக் காரணம் வேறு. கீழ்க்கையை முன்பக்கமிருந்து பிடித்திருக்கும் கம்பியின் றப்பர் பொடிந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சில்லு பின்னால் நகர்ந்திருக்கிறது. சின்னச் சாமான், புதிதாகப் போட்டாயிற்று. ஸ்ரியரிங்கில் ஒரு வேடிக்கை இருந்தது. அந்தக் காலத்துச் சாதாரண இங்கிலாந்துக் கார்களில் அரிதாக இருந்த, பல்வெட்டிய தண்டைப் பற்சக்கரம் தள்ளும் ரக் அண்ட் பினியன் ஸ்ரியரிங்கை, பின்னாளில் மினியை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் 1948 இலேயே இந்தக் காருக்குக் கொடுத்துவிட்டார். ஆரோக்கியமாக இருந்தால் ஒரு விரலால் திருப்பலாம். யாரோ ஒரு புண்ணியவான் அந்த ரக்குக்குள் கிறீஸை அடைத்து வைத்திருந்தார். அதற்கு வேண்டியது கியர் ஒயில். கழுவி, கிழிந்த றப்பர் உறைகளை மாற்றி, ஒயில் விட்ட பிறகு அதே ஸ்ரியரிங்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் அலைன்மென்ட். சில்லை உயர்த்திச் சுழலவிட்டு, ரயரின் நடுவில் ஆணி நுனியைப் பிடித்து ஒரு மெல்லிய கோடு இழுத்தார். மற்றச் சில்லிலும் அப்படியே. இறக்கி, இரண்டு கோட்டுக்கும் இடையில் முன்னால் அளந்தார். சில்லு அரைச் சுற்றுச் சுற்றுமளவுக்குக் காரை உருட்டி, அதே கோடுகள் பின்னால் வந்ததும் மறுபடி அளந்தார். பின்னால் இருப்பதைவிட முன்னால் 3/32 அங்குலம் குறைய வேண்டும், ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர். தாள் எதுவும் அச்சடிக்கவில்லை. ஐம்பது மைலில் போனாலும் இப்போது கை உதறவில்லை.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். "நாளைக்கு வாங்கோ" என்றால் நாளைக்கு என்று அர்த்தமில்லை. தேர், தீர்த்தம் நாட்களில் கொட்டில் பூட்டு. பில் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், திகதிகூட இல்லாமல். திரும்பிப் போகும் கிழமையில் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் விமானத்தைத் தவறவிட வேண்டியதுதான். ஆனால் சாமான் விலையைத் தவிர்த்தால், அவ்வளவு வேலைக்கும் அவர் கேட்ட கூலி ஸ்காபரோவில் என் கராஜ்காரர் ஒரு மணித்தியாலத்துக்கு வாங்குவதைவிடக் குறைவு. தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு கிறீஸ் அடிக்கும் பம்ப் ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று. கிறீஸ் ஏற்றும் நிப்பிள்கள் எங்கே இருக்கின்றன என்று அண்ணையே அவனுக்குக் காட்டினார். கிழமைக்கு ஒருமுறை ஸ்ராட் பண்ணி நிறுத்துவதோடு விடாமல் சந்தைவரை ஓட்டிவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. இடப்பக்கச் சொக், அதாவது குலுக்கலைத் தாங்கும் சாமான், மட்டும் மிச்சம். இந்தக் காரில் சில்லை மேலே பிடித்திருக்கும் கையும் அதுதான், அதன் தண்டில் கொஞ்சம் ஒயில் கசிவு இருக்கிறது. ஒயில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வருடம்வரை ஓடலாம், அதற்குள் கொழும்பில் ஒன்று தேடச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா வழக்கம்போல, "ஓடுதுதானே, ஏன் தேடுவான்?" என்கிறார்.