கிரஹாம் அலிசனின் 'எசன்ஸ் ஆஃப் டிசிஷன்': நூல் மதிப்புரை

அரசு என்பது தன் நலனை அறிந்து, கணக்கிட்டுச் செயல்படும் ஒற்றை ஆள் என்று பன்னாட்டு உறவுகளை ஆராயும் யதார்த்தவாதக் கோட்பாட்டாளர்கள் கொள்ளும் அனுமானத்தை, சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவ முயன்றதால் 1962 அக்டோபரில் அமெரிக்காவுடன் மூண்ட கியூபா ஏவுகணை நெருக்கடியை வைத்துச் சோதித்துப் பார்க்கிறது 1971இல் வெளிவந்த இந்நூல். ஒரே நிகழ்வு மூன்று முறை சொல்லப்படுகிறது: கணக்கிடும் அரசாக, பழகிய நடைமுறைப்படி இயங்கும் அமைப்புகளாக, தமக்குள் பேரம் பேசும் பதவியாளர்களாக.

இவற்றுள் இரண்டாவதே நூலின் உயிர். இரகசியமாகக் கொண்டுவந்த ஏவுகணைகளுக்கான தளங்களைச் சோவியத் படையினர் தம் நாட்டில் கட்டிய அதே வடிவில், போதிய உருமறைப்பின்றிக் கட்டியதால், அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் அவை அடையாளம் காணப்பட்டன. நாட்டு நலன் பற்றிய எந்தக் கணக்கும் இந்தக் கவனக்குறைவை விளக்காது. மூன்றாம் பகுதி அவ்வளவு உறுதியானதன்று. அதிபர் கென்னடியின் சொல்லுக்கு இருந்த தனி எடையை அது குறைத்துக் காட்டுகிறது என்னும் விமரிசனத்தில் நியாயம் உண்டு.

வாங்குவோர் பிலிப் ஜெலிக்கோவுடன் இணைந்து எழுதப்பட்ட 1999ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பையே தேடுங்கள். வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகள் அதில் பயன்படுத்தப்பட்டுள்ளன. கோட்பாட்டு அத்தியாயங்கள் சற்று வறண்டவை என்பதால், மாணவர் அல்லாதோர் நெருக்கடியை விவரிக்கும் அத்தியாயங்களிலிருந்தே தொடங்கலாம்.