சவ்வில் ஓட்டையா, தசையில் ஓட்டையா?

"குழந்தைக்கு இதயத்துல ஓட்டை" என்று கேட்டதும் வீடே கலங்கிப்போகும். ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துக் கதை மாறும்.

இங்கே பார்ப்பது இதயத்தின் கீழறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் விழும் ஓட்டை. அந்தச் சுவரில் பெரும்பகுதி தடித்த தசை. மேலே, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் வால்வுக்குச் சற்றுக் கீழே மட்டும் சிறிய, மெல்லிய சவ்வு.

தசையில் விழும் சிறு ஓட்டைகள் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கின்றன, பலவும் முதல் இரண்டு வயதுக்குள். சுற்றிலும் தசை வளர்வதால் வழி அடைபடுகிறது. எக்கோவில் (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் சோதனை) பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பதுதான் இங்கே சரி.

சவ்வை ஒட்டிய ஓட்டைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பக்கத்து மூவிதழ் வால்வின் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு) திசு ஒட்டி அதுவும் மூடலாம்தான். ஆனால் சில குழந்தைகளுக்குப் பெருந்தமனி வால்வின் இதழ் ஓட்டைக்குள் சரிந்து, ரத்தம் பின்னோக்கிக் கசியத் தொடங்கும். ஓட்டை சிறிதாக இருந்தாலும் இது நேரலாம். அதனால் பரிசோதனையை விடவே கூடாது. இன்னொன்று, மின்துடிப்பைக் கடத்தும் ஹிஸ் கற்றை இந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. தையலோ அடைப்புக் கருவியோ அதைத் தொட்டால் துடிப்பு தடைபடும், பேஸ்மேக்கர்கூடத் தேவைப்படலாம். தசை ஓட்டை பொதுவாகக் கற்றையிலிருந்து விலகி இருப்பதால், தொடை ரத்தக்குழாய் வழியே கருவி வைத்து அடைக்க வசதி.

அப்புறம் ஒன்று: ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் பலமாகக் கேட்கிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சிறிய ஓட்டைதான் அதிகம் இரையும்.

தசையிலும் சிக்கலான வகை உண்டு. சல்லடை போலப் பல ஓட்டைகள் இருந்தால் அறுவை மருத்துவருக்கே அவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.