பவுண்டேசன் வருடத்தோடு கியூஎஸ் படிப்பு: ஒன்பது வருடம் கழித்து

லண்டனில் கல்யாண வீடுகளில் “என்ன வேலை, தம்பி?” என்று கேட்பவர்களிடம் “சர்வேயர்” என்றால், அடுத்த கேள்வி “காணி அளக்கிறதோ?” என்றுதான் வரும். நான் குவான்டிட்டி சர்வேயர், சுருக்கமாகக் கியூஎஸ். குவான்டிட்டி சர்வேயர் காணி அளப்பதில்லை. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சாமான் போகும், என்ன செலவாகும், கட்டிக்கொண்டிருக்கும்போது இந்த மாதம் கொந்தராத்துக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம், நடுவில் ஆர்க்கிடெக்ட் ஒரு சுவரை மாற்றினால் அதற்கு யார் காசு கட்டுவது என்று பார்ப்பதுதான் வேலை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு “எஸ்டிமேட், பில்லிங்” என்றால் பாதி விளங்கும். மீதிப் பாதி ஒப்பந்தச் சட்டம்.

நான் இதற்குள் நேர்வழியால் வரவில்லை. 2016 ஆகஸ்டில் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ லெவல் முடிவு வந்தபோது கணிதத்தில் டி. மற்ற இரண்டு பாடங்களைப் பற்றிக் கதைக்காமல் விடுவது நல்லது. பல்கலைக்கழகங்கள் நிரம்பாத இடங்களைக் கொடுக்கும் க்ளியரிங் நாளன்று காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தேன். ஒரு பல்கலைக்கழகம் மட்டும், “மூன்று வருடப் படிப்புக்கு இந்த மார்க் காணாது, பவுண்டேசன் வருடத்தோடு சேர்ந்த நாலு வருடப் படிப்புக்கு எடுக்கலாம்” என்றது. பவுண்டேசன் என்பது டிகிரிக்கு முந்திய ஆயத்த வருடம். அப்பாவுக்கு அது ஒரு வகுப்பு பெயில் விட்ட மாதிரித்தான் பட்டது. தோஹாவில் இருக்கும் சித்தப்பாதான் போனில் அவரைச் சமாளித்தார். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கியூஎஸ் படித்தவர்களோடு வேலை செய்தவர் அவர். “அண்ணை, அங்கை படிச்சவங்கள் இஞ்சை எல்லா சைட்டிலயும் நிக்கிறாங்கள். ஒரு வருசம் கூடப் போனா என்ன?” என்றார்.

அந்த ஒரு வருடத்தின் விலை எனக்கு 9,000 பவுண். பிறகு வந்த மூன்று வருடங்களுக்கும் தலா 9,250, நடுவில் வேலைக்குப் போன பிளேஸ்மென்ட் வருடத்துக்கு 1,850. மொத்தம் 38,600, சாப்பாடு, ரயில் எல்லாம் புறம்பு. பவுண்டேசன் வருடம் படிப்போடு ஒட்டியே வந்ததால் ஸ்டூடன்ட் லோன் எல்லா வருடத்துக்கும் கிடைத்தது. 30 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி என்பது அப்போதைய கணக்கு. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் சேர்பவர்களுக்கு அது 40 வருடம். ஆகவே என் கணக்கைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

பவுண்டேசன் வருடம் எப்படி இருந்தது? முதல் இரண்டு மாதம் கடுப்பு. ஆர்க்கிடெக்சர், சிவில், கட்டட முகாமைத்துவம் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி, “கட்டடச் சூழல் அறிமுகம்” என்று பொதுவாக நடத்தினார்கள். கட்டுரை எழுதும் முறைக்கு ஒரு பாடம். குழுவேலை என்று ஒன்று, ஆறு பேர் குழுவில் இரண்டு பேரை நான் கண்டதே இல்லை. சேரும்போது பல சைட்டுகளுக்குக் கூட்டிப்போவோம் என்றார்கள். போனது ஒன்றுக்கு, அதுவும் மழையில், வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். இந்த வருட மார்க் டிகிரியின் இறுதி மார்க்கில் சேராது என்று தெரிந்ததும் நிறையப் பெடியன்கள் கையை விட்டுவிட்டார்கள். கியூஎஸ் என்று வந்த 12 பேரில் ஏழு பேர்தான் அடுத்த வருடம் வந்தோம்.

ஆனால் ஒரே ஒரு பாடத்துக்காக அந்த 9,000 எனக்கு வலிக்கவில்லை. அளவெடுப்பு. வயதான ஒரு விரிவுரையாளர், பகுதிநேரமாக வருபவர். கணினியைத் தொடவிடமாட்டார். டைமென்ஷன் பேப்பர் என்று ஒரு தாள் தருவார், செங்குத்தாகக் கோடு போட்டுப் பிரித்தது. ஒரு கட்டத்தில் எத்தனை தடவை, அடுத்ததில் அளவுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, அதற்கடுத்து பெருக்கி வந்த தொகை, அகலமான கட்டத்தில் விவரணம். முதல் பயிற்சி ஒரு செவ்வக வீடு, வெளி அளவு 10 மீற்றருக்கு 8 மீற்றர், சுவர்த் தடிப்பு 300 மில்லிமீற்றர். சுவரின் நீளம் என்ன? நான் கண்ணை மூடிக்கொண்டு 36 மீற்றர் என்றேன். “மூலைக்குப் போய் நின்று பார்” என்றார்.

மூலைக்குப் போய் நின்று பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொரு மூலைத் துண்டையும் இரண்டு பக்கமும் எண்ணியிருக்கிறேன். நாலு மூலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர்த் தடிப்பைக் கழிக்கவேண்டும். 36இல் 1.2 போக 34.8. அதுதான் சுவரின் நடுக்கோட்டு நீளம். ஒன்றேகால் மீற்றர் கூட இல்லை, இதற்குப்போய் ஏன் இவ்வளவு என்று நினைத்தேன். அவர் கரும்பலகையில் தொடர்ந்தார். அத்திவாரக் கான் 0.6 மீற்றர் அகலம், கொங்கிறீட் ஒரு மீற்றர் ஆழம் என்றால், இந்தப் பிழையால் ஒரு வீட்டுக்கு 0.72 கனமீற்றர் கூடும். 50 வீட்டுத் திட்டத்தில் 36 கனமீற்றர். “ஆறு லொறி கொங்கிறீட், எங்கே ஊத்தப் போகிறாய்?” என்று கேட்டார். இன்றைக்கு எல்லாவற்றையும் திரையில் மவுஸால் அளக்கிறோம். ஆனாலும் மென்பொருள் தரும் எண்ணை நம்புவதற்கு முன் மூலைக்குப் போய் நின்று பார்க்கும் பழக்கம் அந்த வருடத்தில் வந்ததுதான். நேரே முதல் வருடத்தில் சேர்ந்தவர்களுக்கு இதே பாடம் என்ஆர்எம்2 என்ற அளவெடுப்பு விதிகளோடு சேர்ந்து ஒரேயடியாக வந்தது. திணறினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக நான் வகுப்பில் முன்னால் இருந்தேன்.

பிறகு வந்த வருடங்களை நீட்டத் தேவையில்லை, இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். 2018 ஜனவரி 15ஆம் திகதி கரிலியன் என்ற பெரிய கட்டுமானக் கொம்பனி விழுந்தது. அந்த வாரம் எங்கள் பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு, துணை ஒப்பந்தக்காரருக்கு 120 நாள் கழித்துக் காசு கொடுக்கும் முறை எப்படி ஒரு சங்கிலியையே இறுக்கும் என்று நடத்தினார்கள்.

மற்றது கிரென்ஃபெல், லண்டனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம். 2017 ஜூனில் பவுண்டேசன் பரீட்சைகள் முடிந்த கையோடு அந்தத் தீ. 72 உயிர்கள். அந்தக் கோபுரத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவருக்குச் சிங்க் உறைக்குப் பதிலாக, பிறகு தீயைப் பரப்பிய அலுமினியக் கூட்டுத் தகடு போட்டதில் மிச்சம் பிடித்தது சுமார் 2,93,000 பவுண். “வேல்யூ எஞ்சினியரிங்” என்று எங்கள் தொழிலில் செல்லமாகச் சொல்லும் வேலை இது. விலைப்பட்டியலில் ஒரு வரியை வெட்டி இன்னொரு வரியைப் போடுவது. அதுவரை அந்தச் சொல்லைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒரு மாற்றுப் பொருளைக் கொண்டுவந்து மிச்சக் கணக்கைக் காட்டுகிறார்கள். தீப் பரிசோதனைச் சான்று கையில் வரும்வரை அந்த எண்ணை நான் அறிக்கையில் ஏற்றுவதில்லை. இதனால் ஒரு புரொஜெக்ட் மனேஜரோடு நல்ல சண்டையும் நடந்திருக்கிறது.

பிளேஸ்மென்ட் வருடத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். 2020 மார்ச்சில் கோவிட் வந்து பாதியில் குழம்பியும், அதற்கு முந்திய ஏழு மாதத்தில் படித்தது வகுப்பில் வராது. மாத மதிப்பீட்டுக்குச் சைட்டுக்குப் போனால், “80 வீதம் முடிந்தது” என்று காகிதத்தில் இருக்கும் சுவர் கண்ணுக்கு இடுப்பளவுதான் நிற்கும். அதைச் சத்தம் போடாமல் சொல்லப் பழகவேண்டும்.

2021இல் பட்டம். வேலை நேர்முகங்களில் எவரும் பவுண்டேசன் வருடத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் டிகிரிக்கு ஆர்ஐசிஎஸ், அதாவது சர்வேயர்களின் தொழில்முறைச் சங்கத்தின், அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத்தான். அதன்பிறகு ஏபிசி (APC), அந்தச் சங்கத்தில் அங்கத்துவம் பெறுவதற்கான தகுதித் தேர்வு. குறைந்தது 24 மாதப் பயிற்சிப் பதிவு, 3,000 சொல்லில் ஒரு கேஸ் ஸ்டடி, கடைசியில் ஒரு மணித்தியால நேர்முகம். முதல் தடவை எனக்குக் கிடைக்கவில்லை. பிழை என்னுடையதுதான். “நாங்கள் செய்தோம், நாங்கள் ஆலோசனை சொன்னோம்” என்றே ஒரு மணித்தியாலமும் கதைத்திருக்கிறேன். நம் வீடுகளில் “நான், நான்” என்று சொன்னால் தலைக்கனம் என்பார்கள். அங்கே “நான்” என்று சொல்லாவிட்டால் நீ செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டாம் தடவை, 2024இல், கண்ணாடிக்கு முன்னால் “நான்” சொல்லிப் பழகிவிட்டுப் போனேன்.

சரி, இன்று என்றால் இதே வழியில் போவேனா? மார்க் இருந்தால் போகமாட்டேன். டிகிரி அப்ரன்டிஸ்ஷிப்பில் சம்பளத்தோடு படிக்கலாம், கட்டணக் கடனே இல்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படி வந்த பெண் என்னைவிட நாலு வயது இளையவள், கடன் பூச்சியம், சைட்டில் என்னைவிடத் தெளிவு. ஆனால் அதற்குப் போட்டி அதிகம், டி எடுத்த பெடியனை 2016இல் எவரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். வேறு கதவு இல்லாதவனுக்கு இது கதவுதான், விலை கூடிய கதவு.

போன ஆகஸ்டில் மாமாவின் மகன் க்ளியரிங் நாளன்று போன் எடுத்தான். டிகிரிக்கு ஆர்ஐசிஎஸ் அங்கீகாரம் இருக்கிறதா, பவுண்டேசன் பாஸானால் அடுத்த வருட இடம் நிச்சயமா அல்லது தனியாக ஒரு மார்க் கேட்பார்களா, மனம் மாறினால் பில்டிங் சர்வேயிங்குக்குத் தாவலாமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கையால் அளவெடுக்கப் பழக்குவார்களா என்றும் கேட்கச் சொன்னேன். பின்னேரம் திரும்ப எடுத்தான். முதல் மூன்றுக்கும் நல்ல பதில், கடைசிக்கு “எல்லாம் சொஃப்ட்வேரில்தானாம்” என்றான். என்னிடம் டைமென்ஷன் பேப்பர் அரைக்கட்டு மிச்சம் இருக்கிறது, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன்.