அறுபதைத் தாண்டியவர்களுக்கு ரோடு பைக்: ஏற்காடு மலைப்பாதையில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிளான ரோடு பைக்கில் நல்லதொன்றுக்கு மாற நினைக்கும் என் வயதுக்காரர்கள் முதலில் விசாரிப்பது அதன் எடையைத்தான். அலுமினிய ஃபிரேம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஷிமானோ நிறுவனத்தின் டியாக்ரா கியர் கொண்ட சைக்கிளைச் சேலத்தில் சில ஆண்டுகளாக ஓட்டிவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்றே சொல்வேன். முதலில் பார்க்க வேண்டியது, அதில் உள்ள ஆக இலகுவான கியர் எது என்பதைத்தான்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டருக்கும் மேலே. கோரிமேட்டைக் கடந்து அடிவாரத்தில் தொடங்கும் ஏற்றம் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் ஊரை எட்டுகிறது. என் பழைய சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் என்பதே ஆக இலகுவான கியர். பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி ஏறத்தாழ 3.3 மீட்டர் நகர்ந்தாக வேண்டும். இப்போது முன்னும் பின்னும் 34 பல் என்பதால் 2.1 மீட்டர் போதும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது பழையதில் பெடல் ஒரு நிமிடத்தில் 40 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றையும் முட்டியை அழுத்தித்தான் தள்ள வேண்டியிருக்கும். புதியதில் அதே வேகத்துக்கு 60 சுற்றைத் தாண்டுகிறது. சுமை மூட்டிலிருந்து மூச்சுக்கு மாறிவிடுகிறது. பத்தாவது வளைவை ஒட்டி முட்டியின் முன்பக்கத்தில் தலைகாட்டிவந்த வலி, வண்டி மாற்றிய பிறகு எனக்கு வரவில்லை.

எடைக் கணக்கு எளிது. நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 83 கிலோ. கார்பன் ஃபிரேமுக்குக் கூடுதல் பணம் கொடுத்து ஒரு கிலோவைக் குறைத்தால், இரண்டு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் ஒன்றரை நிமிடம்தான்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் டிஸ்க் பிரேக்கின் அருமை தெரிகிறது. சக்கரத்தின் விளிம்பை (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் பாதி மலை இறங்குவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். ஐப்பசி மழையில் ரிம் நனைந்திருந்தால், பிரேக்கைப் பிடித்த பிறகும் வண்டி சில அடி தூரம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் அடங்கும். வளைவில் எதிரே பேருந்து அகலமாகத் திரும்பிவரும்போது அந்தச் சில அடிகள் உயிரோடு விளையாடுபவை. இப்போது ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் லீவரில் வைத்து மெல்ல அழுத்தினாலே வேகம் சீராகக் குறைகிறது. கைப்பிடியில் வலு குறைந்தவர்களுக்கும் விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இதற்காகவே கூடுதல் செலவு தகும்.

குனிந்து ஓட்டும் பந்தய அமைப்பு நம் வயதுக் கழுத்துக்கும் இடுப்புக்கும் ஒத்துவராது. நெடுந்தூரம் அலுப்பின்றி ஓட்டுவதற்கான எண்டியூரன்ஸ் வகையில் ஹேண்டில் சற்று உயரமாகவும் கைக்கு அருகிலும் இருக்கும். ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளத்தையும் நான் ஒரு படி குறைத்துக்கொண்டேன். 23 மில்லிமீட்டர் டயரின் இடத்தில் 28 வந்து, காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐயிலிருந்து 70க்கு இறங்கியதும், ஓமலூர் தாண்டி மேட்டூர் போகும் சாலையின் ஒட்டுப்போட்ட இடங்கள் உள்ளங்கையை முன்போல் உலுக்குவதில்லை.

பராமரிப்பில் ஒரு குறை உண்டு. பிரேக் எண்ணெய் மாற்றி உள்ளே சேர்ந்த காற்றை எடுக்கத் தெரிந்தவர் நான் வழக்கமாகப் போகும் கடையில் இல்லை. கருவிப்பெட்டி வாங்கி நானே கற்றுக்கொண்டேன். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான்; கார், மோட்டார் பைக்கின் பிரேக்குக்கு ஊற்றும் டாட் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும் என்பதைக் கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

மூக்கனேரி, கன்னங்குறிச்சிப் பக்கம் காலையில் சமதளத்தில் ஓட்டிவிட்டு வருபவர்களுக்கு இந்த மாற்றம் அவசியமில்லை. இருக்கும் சைக்கிளுக்கு நல்ல டயர் போட்டாலே போதும். மலை ஏறும் ஆசை உள்ளவர்கள் விலை பேசுவதற்கு முன் பின்சக்கரத்தின் மிகப்பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். அது 28 என்றால், 34 பல் வரை உள்ள கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுப்பு) அந்த வண்டியின் டிரேலியர் (கியர் மாற்ற செயினை நகர்த்தும் கருவி) தாங்குமா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.