சிறுநீரகக் குழாய்: அன்றே வீட்டுக்கா, ஒரு ராத்திரி வார்டிலா?

கல்லோ கட்டியோ சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொண்டால், முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி சிறுநீரகத்துக்குள் ஒரு குழாயை விட்டு வெளியே பையில் வடிய விடுவார்கள். ஆஸ்பத்திரியில் இதை பி.சி.என். (பெர்குட்டேனியஸ் நெஃப்ராஸ்டமி) என்பார்கள். குழாயின் தடிமன் பெரும்பாலும் 8 பிரெஞ்சு (மருத்துவக் குழாய்களை அளக்கும் அலகு), 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. இதற்கு எதற்கு அட்மிஷன் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பயப்பட வேண்டியவை ரத்தக்கசிவும் கிருமியும். ரத்தம் ஏற்றும் அளவுக்குக் கசிவது 100 பேரில் 1 முதல் 4 பேருக்கு. உடனே வரும் கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே பையில் தெரிந்துவிடும். அதற்கு டே கேர், அதாவது அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறையில் பார்க்கும் கண்காணிப்பே போதும். ரத்தக்குழாய் புடைத்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வெடிக்கும் கசிவும் உண்டு. அதை ஒரு ராத்திரி வார்டில் படுத்துப் பிடிக்க முடியாது. ஆக, ரத்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கிருமி விஷயம் வேறு. அது ரத்தத்தில் கலந்து பி.பி. சரிவது பொதுவாக 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு. உள்ளே சீழ் கட்டியிருந்தால் 7 முதல் 9 பேருக்கு. மத்தியானம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சாயங்காலம் நடுக்கம் கண்டு பி.பி. இறங்கலாம். அப்போது சலைனும் ஆன்டிபயாட்டிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காய்ச்சலோ சீழோ இருந்தால் டே கேர் பேச்சே வேண்டாம்.

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறியவர்கள், இரண்டு பக்கமும் அடைத்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகக்காரர்கள்கூட வார்டுக்குத்தான். அடைப்பு நீங்கியதும் சிறுநீர் லிட்டர் கணக்கில் கொட்டி உடம்பு வற்றிப்போகலாம், உப்புகளும் தாறுமாறாகும். ரத்தம் உறைவதில் கோளாறு, அடங்காத பி.பி., மான்கொம்புக் கல் (சிறுநீரகத்துக்குள் கிளைவிட்டு வளர்ந்த பெரிய கல்), வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதது என்றாலும் அப்படியே.

இவை எதுவும் இல்லாமல், தேதி குறித்துப் போடும் குழாய் என்றால் என் ஓட்டு டே கேருக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சிறுநீர்ப் பாதை அழுந்தி வருபவர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் போதுமான ராத்திரிகளைக் கழித்தவர்கள். (24 மணி நேர அட்மிஷன் இல்லாவிட்டால் கிளெய்ம் வராதே என்று படுப்பவர்களும் உண்டு. பாலிசியில் டே கேர் பட்டியல் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.)

வீட்டில் கவனிக்க வேண்டியது குழாய் உருவிக்கொள்வதைத்தான். பையைக் கட்டிலில் மாட்டிவிட்டு, மறந்துபோய் பாத்ரூமுக்கு எழுந்தால் ஒரே இழுப்பு. எழும் முன் பையைக் கையில் எடுங்கள். சிறுநீரகத்துக்குக் கீழேயே இருக்கட்டும். புதுக் குழாய் உருவினால் துளை சீக்கிரம் மூடிவிடும். நீங்களே உள்ளே தள்ளாமல் அன்றைக்கே ஓடுங்கள். ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக வடிந்தால் பரவாயில்லை. கட்டி கட்டியாக ரத்தம், குளிர் நடுக்கம், பை காலியாக இருந்து இடுப்பு வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், நேரம். காலை 8 மணிக்குப் போட்டால் மத்தியானம் வரை பார்த்துவிட்டு வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரலாம். அதே ஆளுக்குச் சாயங்காலம் 4 மணிக்குப் போட்டால் கண்காணிப்பு முடியவே ராத்திரி ஆகிவிடும். காலை ஸ்லாட் கேளுங்கள். கிடைக்கவில்லையா, வீடும் தொலைவா, அந்த ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள்.