சம்பளத்தை விட்டு பிஎச்.டியா, சம்பளத்தோடு பிஎச்.டியா?

வேலையில் இருப்பவர் பிஎச்.டி செய்ய இரண்டு வழிகள். நீண்ட லீவு போட்டோ ராஜினாமா செய்தோ முழுநேரமாகச் சேரலாம். இல்லையென்றால் வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் பதிவு செய்யலாம். பகுதிநேரம் என்றால் கூடுதல் காலம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 விதிகளில் அப்படி எதுவும் இல்லை. இருவருக்குமே குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2.

முழுநேரத்தில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை இருந்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. ஆனால் ஜேஆர்எஃப்புக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30. ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் பெண்களுக்கும் 5 வருடம் சலுகை உண்டு. வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அது உதவாது. ஆய்வுக்கூடத்திலேயே கிடக்க வேண்டிய வேதியியல், உயிரியல் ஆட்களுக்கு மட்டும் முழுநேரத்தைத்தான் சொல்வேன்.

மற்றவர்களுக்குப் பகுதிநேரம். முதல் தடை, வேலை செய்யும் இடத்தில் வாங்க வேண்டிய என்ஓசி என்ற தடையின்மைச் சான்று. 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதாது. ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும்படிதான் இவர் வேலை இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் எனும் பாட வகுப்புகளுக்கு விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது எல்லோரும் தாராளமாகத்தான் இருப்பார்கள். வேலை நெருக்கடியில் போய் நின்றால்தான் தெரியும்! எந்த மாதம், எத்தனை நாள் என்று சேரும் முன்பே மேலதிகாரியிடம் பேசி வைப்பது நல்லது.

அப்புறம் அன்றாட நேரம். விடியற்காலை ஒன்றரை மணி நேரமா, ஞாயிறு முழுநாளா? கணக்குப் போட்டால் வாரத்துக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். நடப்பு வேறு. ஆவணியிலும் தையிலும் ஞாயிறு கல்யாண மண்டபத்தில் போய்விடும். கல்லூரி ஆசிரியர் என்றால் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகை, விடைத்தாள் திருத்தம். ஐடி என்றால் மென்பொருள் ரிலீஸ். இரண்டு ஞாயிறு தவறினால், மூன்றாவது ஞாயிறில் பாதி எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கழியும். நேற்று எழுதியதை இன்று காலை தொடர்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. படிப்பதற்கும் அத்தியாயம் எழுதுவதற்கும் என் ஓட்டு விடியற்காலைக்கே.

களப்பணிக்கும் தரவுகளை மொத்தமாகப் பரப்பிவைத்துப் பார்ப்பதற்கும் ஞாயிறு வேண்டும், சரி. ஆனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்பு பார்க்க வேண்டிய வரலாற்றுக்காரருக்கு இரண்டுமே உதவாது; அரசு அலுவலகம் திறந்திருக்கும் நாளில்தான் போக வேண்டும். அவர் சிஎல் எனும் தற்செயல் விடுப்பைத்தான் சேமிக்க வேண்டும். தமிழக அரசு ஊழியருக்கு அது வருடத்துக்கு 12 நாள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் போய் நிற்கிற நாளையும் அதில் கழித்துக்கொள்ள வேண்டும்.