கடற்கரைக் கிடங்குகள் வழியாக ஒரு காலை நடை: புதுச்சேரியில் காசு கொடுத்துப் போகத் தகுந்தது

புதுச்சேரியில் வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலாக்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பெரும்பாலும் மஞ்சள் சுவர், காகிதப்பூ, பிரெஞ்சில் எழுதிய தெருப் பலகை, நாலு போட்டோ, அதோடு சரி. கடற்கரைப் பக்கத்துக் கிடங்குகளையும் துறைமுகக் கட்டடங்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் நடத்தும் இந்த நடை வேறு ரகம். ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன். முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வேலை எடுத்துச் செய்கிறவன் நான். சுவரைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. இங்கே சொன்னதில் பெரும்பகுதி சரியாக இருந்தது.

தலைக்கு 600 ரூபாய். காலை ஆறரைக்குக் காந்தி சிலையில் கூடுகிறார்கள், ஒன்பதுக்கு முடிகிறது. பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆரம்பிக்கிற நேரத்தில் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை என்பதால் வழிகாட்டி பேசுவது எல்லோர் காதிலும் விழுகிறது. கையில் ஒரு வரைபடம் தருகிறார்கள், தண்ணீர் பாட்டில் உண்டு.

எங்களுக்கு வந்தவர் வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்துப் பெண், வயது இருபத்தைந்து இருக்கலாம். கட்டடங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அந்த ஒரு காரியத்துக்கே நான் மதிப்பெண் போடுவேன். இந்தக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கையான துறை கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நம் ஆட்கள் மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வருவார்கள். மசூலாவில் ஆணி கிடையாது, பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பனைநார்ப் பெட்டியைப் போல நெளிந்து கொடுக்கும், உடையாது. மணலில் படகு தட்டியதும் கூலியாட்கள் தலையிலும் தோளிலும் மூட்டையைச் சுமந்து கரையேற்றுவார்கள்.

அப்புறம் அவர் கோப்பிலிருந்து லிவர்பூல் ஆல்பர்ட் டாக் படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 1846இல் திறந்த கிடங்கு வரிசை அது. தீப்பிடிக்கக் கூடாதென்று கட்டுமானத்தில் மரமே சேர்க்காமல் வார்ப்பிரும்பு, செங்கல், கல் கொண்டு கட்டியது. கப்பல் கிடங்கின் சுவரை ஒட்டியே வந்து நிற்கும், மேல்தளம்வரை சரக்கைத் தூக்கி ஏற்றலாம். நம் ஊரில் கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவே அலையும் மணலும் மனிதத் தோளும் இருந்தன. அதனால்தான் புதுச்சேரிக் கிடங்குகள் மாடி மேல் மாடியாக உயராமல் தாழ்வாக, நீளமாக, அகலக் கதவோடு கரைக்குப் பின்னால் பரந்து கிடக்கின்றன என்று அவர் முடித்தபோது, நான் வேலை பார்த்த எத்தனையோ சுவர்கள் கண்முன் வந்து போயின.

1866இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் நீட்டிப் போட்ட இரும்புப் பாலம் வந்த பிறகு வேலை கொஞ்சம் மாறியது. அந்தப் பாலம் 1952 புயலில் போயிற்று. மிச்சமிருக்கும் கம்பங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் தலைகாட்டுகின்றன. 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், சுங்க அலுவலகம், ஒரு காலத்தில் துறைமுக அலுவலகமாக இருந்து இப்போது காபிக் கடையாக இருக்கும் கட்டடம் மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கச் சொல்கிறார். கப்பல், வரி, கணக்கு, கிடங்கு எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரே தொழிற்சாலை போலத்தான் இந்த முகப்பு ஓடியிருக்கிறது. தினமும் இங்கே நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் இது புதுச் செய்தியாக இருக்கும்.

வருடங்களிலும் இவர் கவனமாக இருக்கிறார். "முந்நூறு வருடத்துக் கிடங்கு" என்று அடித்துவிடுகிற வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டையோடு சேர்த்து வெள்ளைக்காரப் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்துக் கம்பெனிக் கிடங்கு எதுவும் கண்ணில் பட வாய்ப்பில்லை. அந்தக் காலத்துத் துணிப் பொதிகளும் கப்பல் வரத்தும் தெரிய வேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்புக்குத்தான் போக வேண்டும். அவரே 'ஆனந்தப் புரவி' என்ற கப்பலை வைத்திருந்த வணிகர். இப்போது நிற்பவை அதற்குப் பிந்தியவை. அவுரியில் தோய்த்த நீலத் துணி இங்கிருந்து போய், ஆப்பிரிக்காவில் செனகல் பக்கம் பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிரான்சின் மார்சேய்க்குக் கப்பலேறி எண்ணெயும் சோப்புமானது. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்ததும் சரக்கு வரத்து இன்னும் சுலபமானது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தெற்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் தனியாருக்குச் சொந்தமான ஒரு பழைய கிடங்கின் வெளியே அரை மணிக்கு மேல் நிறுத்தினார்கள். சுவர் இரண்டடிக்குக் குறையாது, செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். தரை தெருமட்டத்துக்கு மேலே இடுப்புயரம்: மாட்டு வண்டியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் மூட்டையைத் தூக்க வேண்டாம், இழுத்துப் போட்டால் போதும். மழைத் தண்ணீரும் உள்ளே ஏறாது. கூரையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன காற்றுத் துளைகள். மல்லாட்டை ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், சூடு தங்கினால் எண்ணெய் காறிப்போகும். வெயில் உள்ளே வராமல் வெக்கை மட்டும் மேலே ஏறி வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் ஜன்னலை அடியில் வைக்காமல் அவ்வளவு உயரத்தில் துளை விட்டிருக்கிறார்கள்.

கூரையைப் பார்த்தாலே கீழே யார் இருந்தார்கள் என்று தெரியும் என்றார். முழுக்கச் சரி. கணக்கப்பிள்ளை உட்கார்ந்த முன்பக்க அறைக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் அச்சுக்கல் என்ற சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, கோணல் வரிசையில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவது. சரக்கு கிடந்த பின்கூடத்துக்கு மரச் சட்டமும் மங்களூர் ஓடும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865இல் ஓட்டுச் சூளை தொடங்கிய பிறகு இந்த ஓடு தென்னாடெங்கும் பரவியது. அகலமான கூடத்தை மூட அது மலிவு, ஓட்டுச் சந்தில் காற்றும் போகும், உடைந்தால் ஒன்றை உருவி இன்னொன்றைச் செருகலாம். இதை அவர் விளக்கியபோது கூட வந்த கட்டடக்கலை மாணவர்கள் இரண்டு பேர் போட்டோ எடுப்பதை விட்டுவிட்டுக் குறிப்பெழுதினார்கள்.

அதே சுவரின் கீழ்ப்பகுதியில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுவர் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். கடலோர உப்பும் சேர்ந்து செங்கல் உள்ளுக்குள்ளேயே மாவாகும். பூச்சைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது. இதை வழிகாட்டி சொல்லவில்லை, நான் தட்டிக் காட்டினேன். அடுத்த நடையிலிருந்து இதையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த நடையை நான் இவ்வளவு மெச்சக் காரணம் இதுதான். நம் ஊரில் வீடுகளுக்குக் கிடைத்த அக்கறை கிடங்குகளுக்குக் கிடைக்கவில்லை. வைசியாள் வீதி சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோ விருது வந்தது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் பழைய கட்டடங்களைப் பட்டியலெடுத்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்த பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடத்தைத் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அந்த மாளிகைகளுக்குப் பணம் வந்தது இந்த அழுக்குச் சுவர்களுக்குள் கிடந்த துணியாலும் மல்லாட்டையாலும்தான். இவற்றைப் பூட்டி வைத்து ஓடு சரியவிட்டுவிட்டு, 'பாரம்பரிய நகரம்' என்று பலகை வைப்பது எனக்கு வலிக்கிறது.

குறைகளும் உண்டு. தமிழில் நடத்துவது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், மற்ற வாரங்களில் ஆங்கிலம்தான். இந்த ஊரில் இது தலைகீழாக இருக்க வேண்டும். எந்தக் கிடங்குக்குள்ளும் போக முடியவில்லை. மெட்ராஸ் டெரஸைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு அடியிலிருந்து அண்ணாந்து பார்க்க ஒரு இடம்கூடக் கொடுக்காதது பெரிய ஏமாற்றம். எட்டரைக்கு மேல் நிழலே இல்லை, வயதானவர்கள் குடை எடுத்துப் போகவும்.

700 ரூபாய் சேர்த்துக் கட்டினால் மதியம் வேனில் கடலூருக்குக் கூட்டிப் போகிறார்கள். அது இன்னும் பழுக்கவில்லை. சரக்கு என்னவோ நிறைய இருக்கிறது. 1690இல் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர்கள் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை எல்லை பிடித்த இடம் அது. சென்னை பிரெஞ்சு வசம் போன 1746 முதல் 1752 வரை தென்னாட்டில் ஆங்கிலேயர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார்; மூன்றே வருடத்தில் புதுச்சேரிக்கும் அதே கதி. முதுநகரில் உப்பனாற்றங்கரைக்குப் போனால், ஆற்றுக்குள் வர முடியாத கப்பல்களுக்குத் தோணியில் சரக்குப் போன கதை நேரில் புரியும். 2011 டிசம்பர் 30 தானே புயல் கரையேறிய பகுதி இது, ஓட்டுக் கூரைகளின் பாடு சொல்லவே வேண்டாம். இவ்வளவையும் ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டினார்கள். அங்கே வந்த வேறொரு வழிகாட்டி, கோட்டையிலிருந்து கடலுக்கடியில் சுரங்கப்பாதை போகிறது என்று கதை சொல்லியே கால் மணியைக் கழித்தார். ஆதாரம் கேட்டால் பெரியவர்கள் சொன்னார்கள் என்றார்.

ஆகவே காலை நடைக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், தமிழ் ஞாயிறு எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். ஏதாவது ஒரு கிடங்கு உரிமையாளரிடம் பேசி, மாதத்துக்கு ஒரு காலையாவது கதவைத் திறக்க அனுமதி வாங்கினால் மீதி அரையும் அவர்களுக்குத்தான். அப்படித் திறக்கிற இடத்தில் உதிர்ந்த பூச்சைச் சரிசெய்யச் சுண்ணாம்பும் ஆளும் நான் அனுப்புகிறேன், கூலி வேண்டாம் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.